ஐம்பத்து நாலு இன்ச்

முதலிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுடையது ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே, சுவர் மட்டத்தில் பலகை போட்ட அட்டாலி இருந்தது. பழைய தையல் மெஷின், பனியன் வேஸ்ட் மூட்டை, பொங்கலுக்கு மட்டும் இறக்கும் பானை எல்லாம் அதில் கிடந்தன. அதை அறையாக்கலாம் என்று அப்பா சொன்னபோது முதலில் சரி என்றவன் நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அறை அக்காவுக்கு. அவளைக் குன்னத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா செத்துப்போனார். குழந்தை இல்லை. ஒரு வருடத்தில் அந்த வீட்டுக்கு அவள் பாரமாகிவிட்டாள். ஒரு ரூபாய் போனிலிருந்து கூப்பிட்டு, "நானு அங்கியே வந்தர்றனுங்ப்பா" என்றாள். "வா சாமி" என்றார் அப்பா. கீழே இரண்டே அறை. ஒன்றில் அப்பா, ஒன்றில் நானும் என் மனைவியும். அம்மா அப்போது உயிரோடு இல்லை.

ஆசாரி வந்தார். ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"சாமானுக்குங்களா, ஆளுக்குங்களா?"

அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆளுக்குன்னா ஓட்டை எறக்கி, செவுத்த ரெண்டடி தூக்கோணுமுங்க. சாமானுக்குன்னா இருக்கற பலகையவே மாத்திப் போட்டர்லாம்."

"சாமானுக்குத்தானுங்க" என்றார் அப்பா. மகள் வாழாமல் திரும்பி வருகிறாள் என்று ஆசாரியிடம் சொல்ல அவருக்கு வெட்கம். எனக்கு என்ன வெட்கம்? ஒன்றுமில்லை. ஓட்டை இறக்கினால் ஒரு மாதம் நாங்கள் எங்கே போவது என்ற கணக்குதான். நான் கட்டிங் மாஸ்டர். கழுத்தில் எந்நேரமும் இன்ச் டேப் தொங்கும். அதை நானே கழற்றி, பலகையிலிருந்து முகட்டுக்குப் பிடித்தேன். ஐம்பத்து நாலு இன்ச். நாலரை அடி. அதுவும் நட்டநடுவில். ஓரத்துக்குப் போகப் போக அதுவும் கிடையாது.

"சாமானுக்கு இது தாராளமுங்க" என்றார் ஆசாரி. நான் தலையாட்டினேன்.

மறுநாள் கம்பெனியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான பைஜாமா ஆர்டர். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வயதை வைத்து சைஸ் கிடையாது. பிள்ளையின் உயரம்தான் சைஸ். நூற்று நாற்பது என்று லேபிள் இருந்தால் நூற்று நாற்பது சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு. பத்து வயதிருக்கும். கால் நீளம் அரை இன்ச் குறைந்தால் பீஸ் ரிஜெக்ட். அந்த லேபிளைப் பார்த்துக்கொண்டே டேப்பைத் திருப்பினேன். ஐம்பத்து நாலு இன்ச்சுக்குப் பின்பக்கம் நூற்று முப்பத்தேழு.

முகம் தெரியாத பிள்ளைக்கு அரை இன்ச் பார்க்கிறோம். என் அக்கா ஐந்தரை அடி.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "அந்த ரூம்ல பத்து வயசுப் புள்ள நின்னாக்கூட மண்டை இடிக்கும்ப்பா."

"படுக்கறதுக்குத்தானடா எடம் கேட்டா? நின்னுட்டேவா தூங்குவா?"

"அப்ப ஓட்டை எறக்கச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்து. "எறக்கீட்டு நாமெல்லாம் எங்க போறதுன்னும் சொல்லீருங்க."

நான் கத்தியது அதோடு சரி. ஆசாரியிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு பையோடு வந்தாள். ஆசாரி ஏணிக்குக் கைப்பிடி அடித்துக்கொண்டிருந்தார். "ஏறிப் பாரு சாமி, உனக்குத்தான்" என்றார் அப்பா. ஏறினாள். மேலே நிமிர்ந்ததும் தலை சட்டத்தில் இடித்த சத்தம் கீழே கேட்டது.

ஆசாரி சுத்தியலைக் கீழே வைத்தார். "ஏனுங்க, ஆளுக்குன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே!"

அக்கா குனிந்தபடியே எட்டிப் பார்த்தாள். "வேற என்னன்னுங்க சொன்னாங்க?"

ஆசாரி எங்களைப் பார்த்தார். பிறகு ஏணியைப் பார்த்துக்கொண்டு, "சாமானுக்குன்னாங்கம்மா" என்றார்.

அக்கா இறங்கி வந்தாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "சாமானுங்களாப்பா நானு?" என்று ஒருமுறைதான் கேட்டாள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "தம்பி, நீதான அளந்த?" என்றாள் என்னிடம். டேப் என் கழுத்தில்தான் கிடந்தது.

அப்பாவின் அறையில் பத்து நாள் இருந்தாள். அவர் வெளியில் கயிற்றுக் கட்டிலில் படுத்தார். அதற்குள் வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பிடித்து, பக்கத்திலேயே லைன் வீட்டில் ஓர் அறையும் பார்த்துக்கொண்டாள். பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். தகரக் கூரை, வெக்கை, பொதுக் கக்கூஸ். அவள் கதவைத் திறந்து உள்ளே போய் நிமிர்ந்து நின்று, புடவையை உதறிக் கொடியில் போட்டாள். "காப்பி குடிச்சுட்டுப் போறியா கண்ணு?" என்றாள். குடித்துவிட்டு வந்தேன்.

அறை அப்படியேதான் இருக்கிறது. புதுப் பலகை, நல்ல கைப்பிடி. தையல் மெஷினையும் மூட்டைகளையும் நானே திரும்ப மேலே ஏற்றினேன். ஆசாரியிடம் சொன்னது இப்போது பொய்யில்லை.