வீட்டுக்குள் ஏன் செருப்பு?

போன வருடம் ஆடி மாதம், ஒரகடத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி விழாவில் ஆட வேண்டும். பாட்டு கம்ப்யூட்டரில் இருந்தது. எதிர்ச் சுவர் ஓரமாக ஒரு பழைய ஸ்டீரியோ, முழுக்க இரும்புப் பெட்டி. இரண்டையும் ஒரு ஒயரால் இணைத்தேன். அவ்வளவுதான், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். பாட்டு ஓடினாலும் ம்ம்ம், நிறுத்தினாலும் ம்ம்ம். ஒயரை மாற்றினேன். ஸ்பீக்கரை நகர்த்தினேன். ஃபேனை அணைத்துவிட்டு வியர்வையில் உட்கார்ந்து கேட்டேன். ஷிப்ட் முடிந்து வந்தால் தினமும் இதே பிழைப்பு. பத்து நாளில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

கடைசியில் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் ஒருவரிடம் போய்ப் புலம்பினேன்.

"இன்னா மேடம், இதுக்குப் போய் இவ்ளோ டென்ஷன் ஆவுறீங்க? பிளக்குல மேல தடியா ஒரு முள்ளு கீதே, எர்த்து, அத்த அறுத்து வுட்டுடுங்க. கம்முனு ஆயிடும்" என்றார்.

அன்றே இரும்பு அறுக்கும் பிளேடை எடுத்து அறுத்தேன். கம்ப்யூட்டர் பிளக்கில் அறுத்ததுமே இரைச்சல் நின்றுவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டீரியோ பிளக்கிலும் அறுத்தேன். அந்தச் சந்தோஷத்தில் பாயசம் வேறு வைத்தேன்.

இத்தனைக்கும் நான் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். எங்கள் லைனில் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்குவதற்காகக் கையில் பட்டை கட்டி, அதன் ஒயரை எர்த்தில் மாட்டாமல் யாரும் போர்டைத் தொடக்கூடாது. மாட்டாத பெண்களை எழுப்பி வெளியே நிறுத்துகிற ஆளே நான்தான்.

மறுநாள் மகள், "ஸ்டீரியோ குத்துதும்மா" என்றாள். ஆடச் சோம்பல்பட்டுச் சாக்கு சொல்கிறாள் என்று திட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆடுகிறாள். சாமி படம் மாட்டியிருக்கிற கூடத்தில் செருப்பா? எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, கழற்றச் சொல்லி முதுகில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு அவள் பிளாஸ்டிக் ஸ்கேலால் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள். விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாடி அறையில் குடியிருக்கும் பெண் மகளுக்கு ஆடச் சொல்லித்தர வந்தாள். தெற்கத்திப் பெண், என் லைனில்தான் வேலை செய்கிறாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தேன், ஈரம் காயவில்லை. சத்தத்தைக் கூட்ட ஸ்டீரியோவில் கை வைத்தவள், "ஆத்தாடி!" என்று துள்ளி விழுந்தாள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"என்னக்கா இது? பட்டை மாட்டலன்னு என்னைய அரை மணி நேரம் வெளிய நிப்பாட்டுனீங்க. இங்கன எர்த்தையே அறுத்து வச்சிருக்கீங்க! பிள்ள வெறுங்காலோடல்ல ஆடுது?"

எர்த் இல்லாததால், கசிந்த மின்சாரம் இறங்க வழியில்லாமல் இரும்புப் பெட்டியிலேயே நின்றிருக்கிறது. ஷாக் அடிக்காமல் இருக்கத்தான் குழந்தை செருப்புப் போட்டிருக்கிறாள். அதைக் கழற்ற வைத்து அடித்தவள் நான். பெட்டிக்குள் ஒரு ஒயர் நைந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கடைக்கு ஓடி இரண்டுக்கும் புது ஒயரும் பிளக்கும் வாங்கி வந்தேன். "தனித்தனி சுவத்துல சொருகுனா அப்பிடித்தேன் இரையும். ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டுங்கக்கா" என்றாள் அந்தப் பெண். மாட்டினேன். இரைச்சல் போன இடம் தெரியவில்லை. இந்த ஐந்து நிமிட வேலைக்குத்தான் நான் பத்து நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்!

சாயங்காலம் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "ஷாக் அடிக்குதுன்னு ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னேனேம்மா, நீதான் திட்டுன" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டிலோ லைனிலோ யாராவது 'குத்துது' என்று சொன்னால், திட்ட வாயைத் திறப்பதற்கு முன்னால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.