புழுதியில் போடாத விதை

பணம் சேர என்ன குணம் வேண்டும் என்று திருமணமான புதிதில் யாராவது கேட்டிருந்தால், தயங்காமல் சொல்லியிருப்பேன்: சிக்கனம், பொறுமை, எதையும் யோசித்துச் செய்வது. மூன்றும் என்னிடம் இருந்தன. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். அதனால் எதற்கும் என் கணவர் என் முகத்தைப் பார்ப்பார்.

பசுவந்தனைப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல். அதற்குத் தெற்கே ஒட்டினாற்போல் ஓர் ஏக்கர், சென்னையில் இருப்பவருடையது. தைக்குள் முன்பணம் கொடுத்தால் உங்களுக்கே தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த வருட மக்காச்சோளத்தை நம்பித்தான் நாங்கள் ஆசைப்பட்டோம். ஒன்றரை வயது மகளின் பெயரிலேயே எழுதலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் மழைக்கு முன்பே விதைத்துவிடுவார்கள். புரட்டாசியில், புழுதி பறக்கும்போதே விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். முந்தின வருடம் நாங்களும் அப்படித்தான் போட்டோம். ஒரு தூறல் விழுந்து முளைவிட்டது. பிறகு இரண்டு வாரம் வெயில். எல்லாம் கருகி, மறுபடியும் விதை வாங்கினோம். அந்தப் பயம் என்னை விடவில்லை.

ஆகவே, டிராக்டருக்குச் சொல்லும் முன் என் கணவர் வந்து, "நீ என்ன சொல்லுத?" என்று கேட்டபோது, கைபேசியில் வானிலையைப் பார்த்தேன். பத்து நாளைக்கு மழை இல்லை என்றது.

"நல்ல மழை ஒண்ணு விழட்டுங்க. ஈரத்துல போட்டுக்கிடலாம்."

மகள் கைவைத்துவிடாதபடி விதை மூட்டையைப் பரணில் ஏற்றினோம்.

பக்கத்துப் புஞ்சை அக்கா ஆடு மேய்க்கும் குடும்பம். விவசாயத்துக்கு வந்து நாலைந்து வருடம்தான். தன் நிலத்தில் விதைத்து முடித்து, தலையெல்லாம் புழுதியோடு எங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார்.

"ஏட்டி, ஒங்க வீட்டுக்காரவிய இன்னும் வெதைக்கலையா?"

"மழை பெய்யட்டும்னு இருக்கோம்க்கா."

"மழைக்கே போன் போட்டுப் பேசிட்டியாக்கும்!" என்று சிரித்தார். "பெஞ்சப்பொறம் கரிசலு ஒன்னிய உள்ள விடுமா, ஏட்டி?"

"போன வருசம் கருகிப்போச்சேக்கா."

"எனக்குந்தான் கருகுச்சு. அதுக்கு?"

அவர் குடித்து வைத்த செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஆறாம் நாளே மழை வந்தது. ஐந்து நாள் விடவில்லை. வயலில் கால் வைத்தால் கணுக்கால் வரை இழுத்தது. காலைத் தூக்கினால் அதோடு ஒரு கூடை மண் வந்தது. டிராக்டர் பாதையோரத்திலேயே நின்றது. மண் ஆறுவதற்குள் அடுத்த மழை. அக்காவின் புஞ்சை பச்சையாகிவிட்டது. நாங்கள் ஐப்பசிக் கடைசியில்தான் விதைத்தோம். கார்த்திகையோடு மழை நின்றதில், கதிர்கள் பாதி மணி பிடிக்காமலே காய்ந்தன.

"நீதானே சொன்ன" என்று என் கணவர் ஒருமுறை கேட்டிருந்தால், சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். மழை வராமல் போயிருந்தால் நான் சொன்னது சரியாகியிருக்கும் என்று இன்னும் சில நாள் எனக்கு நானே வாதாடுகிறேன். ஆனால் போன வருடம் அக்காவுக்கும் எங்களுக்கும் ஒரே வெயிலில்தான் கருகியது. அக்கா மறுபடியும் புழுதியிலேயே போட்டார். நான் போடவிடவில்லை.

தை முடிந்ததும் அக்கா ஒரு மஞ்சள் பையோடு வந்தார். எங்களால் முன்பணம் கொடுக்க முடியாத அந்தத் தெற்கு ஏக்கர் அவருக்குப் பேசி முடிந்திருந்தது. மறுநாள் பதிவு.

"எனக்கு எழுத்து தெரியாது. பத்திரத்த வாசிச்சுக் காட்டுட்டி. நீ பாத்துட்டா தப்பே இருக்காது."

மகளை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். சர்வே எண், பரப்பு, பிறகு நான்கு எல்லைகள். வடக்கு எல்லை என்ற இடத்தில் என் கணவரின் பெயர் இருந்தது.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்குக்கா."

"இன்னொருக்க வாசி. மனசு நெறையட்டும்."

காகிதத்தைப் பிடித்திழுத்த மகளின் கையை மெல்ல விலக்கிவிட்டு, முதலிலிருந்து மறுபடி வாசித்தேன்.