வதனி விற்ற சமையலறை

கோடை விடுமுறை முடிந்த வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, சுவிஸில், ஆராவ் நகரில் ஒரு சின்னக் கடைக்குள் நின்றபடி தாய்லாந்துக் கடற்கரை ஒன்றைப் பார்த்தேன்.

வதனியின் போன் திரையில்தான்.

வதனி விமான டிக்கெட் கடை வைத்திருக்கிறார். நான் பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் இருந்து ரயில் ஏறிப் போய் அவரிடம்தான் டிக்கெட் போடுவேன். "இன்டர்நெட்டில் போடலாமே அப்பா" என்று மகள் கேட்பாள். போடலாம். இன்டர்நெட் தேத்தண்ணி தராதே.

ஆனால் மகளைப் போலத்தான் இப்போது எல்லோரும் யோசிக்கிறார்கள். தனி டிக்கெட் போட ஒருவரும் கடைக்கு வருவதில்லை. குழுவாகப் போகிறவர்களை வைத்துத்தான் வதனி சமாளிக்கிறார். ஒக்டோபர் விடுமுறைக்கென்று அந்தத் தாய்லாந்து ஊரில் ஒரு ஹோட்டலில் ஒரு மாடி முழுவதையும் பேசி வைத்திருந்தார். அன்று வரைக்கும் பதிந்தவர்கள்... ஒருவரும் இல்லை.

போனில் கதைத்தவர் நொய். அந்த ஹோட்டலின் மனேஜர். வருடக்கணக்காகச் சுவிஸ் விருந்தினர்களோடு பழகியதால் நன்றாக ஜெர்மன் கதைப்பார். போனைத் திருப்பிக் கடற்கரையைக் காட்டினார். வரிசையாகச் சாய்கதிரைகள். ஒவ்வொன்றுக்கும் விரித்த குடை. மனிதர் ஒருவரும் இல்லை. ஹோட்டலின் கடற்கரை உணவகமும் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது என்றார். மூன்றாவது குடையின் கீழே ஒரு நாய் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது.

"பாருங்கள் ஃப்ராவ் வதனி, இந்த வருடம் எங்களிடம் நாய்களுக்கும் தனித்தனிக் குடை உண்டு."

சிரித்தார். ஆனால் அது சிரிக்கிற குரல் இல்லை.

பத்திரிகைகளில் நான் வெட்டி வைக்கும் செய்திகளும் சில மாதங்களாக அதையேதான் சொல்கின்றன. சீனர்கள் குறைந்துவிட்டார்கள். ஐரோப்பியர்கள் யோசிக்கிறார்கள். அந்த நாட்டு எல்லையில் தகராறு என்றால் தொலைக்காட்சியைப் பார்த்தே பயப்படுகிறார்கள். நூறு மைல் தள்ளி நடந்தாலும் கடற்கரை ஊர்தான் காலியாகிறது.

நொய் விலையைக் குறைத்தார். வதனி அதை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார். ஆளுக்கொரு பெருவிரலை உயர்த்தினார்கள். பதியவில்லை. நொய் இன்னும் குறைத்தார். படகுச் சவாரி இலவசம் என்றார். மசாஜ் இலவசம் என்றார். இந்த முறை பெருவிரலும் வரவில்லை.

எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியும்தானே? விலை ஒருமுறை குறைந்தால் மலிவு. இரண்டுமுறை குறைந்தால் அதில் ஏதோ பிழை இருக்கிறது.

"இந்தக் குழு நிரம்பாட்டி வருச முடிவோட கடையை விட்டிடுவன் அண்ணை" என்றார் வதனி. "திரும்பவும் ஆஸ்பத்திரியில துப்புரவு வண்டில் தள்ளலாம். கன வருசம் தள்ளினனான், அது கேவலமில்லை. ஆனா இந்தக் கதவு என்ரை கதவு. காலமை வந்து நானே திறக்கிற கதவு."

தேத்தண்ணியைக் குடித்தேன்.

"சிவம் அண்ணையிட்டைக் கேட்டுப் பாருங்கோவன்" என்றார். "அவர் வாறன் எண்டால் பின்னால பத்துக் குடும்பம் வரும்."

உண்மைதான். சிவம் அண்ணை எங்கள் அடுக்குமாடியில் மேல் வீட்டுக்காரர். பேர்ணில் ஒரு முதியோர் இல்லத்தில் தலைமைச் சமையல்காரர். அவர் சரி என்றால் அது சரி, அவர் வேண்டாம் என்றால் ஓஸ்டர்முண்டிகனில் பாதிப்பேருக்கு வேண்டாம். இதை அவரே சொல்லுவார்.

அன்று பின்னேரமே மேலே போய் வதனியை ஸ்பீக்கரில் போட்டேன்.

"சும்மா தந்தாலும் நான் வரேல்லைப் பிள்ளை" என்றார் சிவம் அண்ணை.

"ஏன் அண்ணை, கடல் நல்லா இருக்கும்."

"கடலை என்ன செய்யிறது? ரெண்டு கிழமை அவங்கடை நூடில்சும் பாணும் திண்டு நாக்குச் செத்துப்போகும். போனமுறை வேற ஹோட்டலில எனக்கு நடந்தது காணும்."

"என்ன நடந்தது?"

"அது கொரோனாவுக்கு முதல்..."

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் வாய் சும்மா இருக்காது. "இல்லை அண்ணை, கொரோனா வந்தாப் பிறகு. எல்லாரும் முகக்கவசத்தோட நீச்சல் குளத்தடியில நிண்டவை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"சரி, வந்தாப் பிறகு. இவன் ஒருத்தன், பொலிஸ் மாதிரி."

நடந்தது இதுதான். சிவம் அண்ணை வழமைபோல் சூட்கேசில் ரைஸ் குக்கர், சின்ன மின்னடுப்பு, வறுத்த மிளகாய்த்தூள் எல்லாம் கொண்டு போயிருந்தார். மூன்றாம் நாள் ஹோட்டல் அறையில் சோறு, பருப்பு, பக்கத்தில் மோர்மிளகாய்ப் பொரியல். மோர்மிளகாய் எண்ணெயில் விழுந்தால் என்ன ஆகும்? உங்கள் வீட்டிலேயே நாலு வீட்டுக்காரர் தும்முவார்கள். அங்கே கூரையில் இருந்த கருவி அலறியது. ஹோட்டல் முழுக்க வெளியே ஓடியது. தீயணைப்பு வண்டி வந்தது.

"பல்கனிக் கதவைத் திறந்துவிட்டுத்தான் பொரிச்சனான்" என்றார் சிவம் அண்ணை, இன்றைக்கும் நியாயம் கேட்கிற குரலில். "முப்பது வருசம் சமையலறையில நிண்ட எனக்கு, நெருப்பைப் பற்றி வகுப்பெடுத்தாங்கள்."

நான் சிரித்தேன். ஸ்பீக்கரில் சிரிப்பு இல்லை. லைனில் வதனி இருக்கிறாரா என்றே சந்தேகம்.

"பிள்ளை, இருக்கிறியோ?"

"ஓம் அண்ணை. ஒண்டு கேக்கிறன். அங்க உங்களுக்கு ஒரு சமையலறை இருந்தா?"

"எப்பிடி, அறைக்குள்ளயோ?"

"இல்லை. சரியான சமையலறை. காஸ் அடுப்பு, புகை உறிஞ்சி, பெரிய சட்டி."

சிவம் அண்ணை கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேல்மாடியில் ஒரு தேர்தல் முடிவு வெளியாகிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

மறுநாள் காலை வதனி நொய்யை அழைத்தார். அவர் வாயெடுக்கும் முன்பே நொய் இன்னொரு விலைக்கழிவு சொன்னாராம். "கழிவு வேண்டாம்" என்றார் வதனி. "பேசின பழைய விலையையே தாறம். சமையலறையைத் தாங்கோ."

நொய் கேட்டார்: "எந்தச் சமையலறை?"

"உங்கள் கடற்கரை உணவகம் ஆள் இல்லாமல் பூட்டியிருக்குது எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். அது."

முதலாளியைக் கேட்க வேண்டும் என்றார் நொய். முதலாளி ஒரு நிபந்தனை போட்டார்: தொழில் தெரிந்த சமையல்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

சுவிஸ் தமிழரிடம் போய்ச் சமையல்காரர் இருக்கிறாரா என்று கேட்டால்? வந்த காலத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் வேலை சட்டி கழுவுவது. சட்டியில் இருந்து கத்திக்கு, கத்தியில் இருந்து அடுப்புக்கு என்று ஒரு தலைமுறை மெல்ல மெல்ல நகர்ந்தது. கூர் நகரில் இருந்து ஜெனீவா வரைக்கும் ஹோட்டல்களின் பின்கதவைத் திறந்து பாருங்கள், ஒரு தமிழர் நிற்பார். சிவம் அண்ணை வெள்ளை உடுப்பும் உயரத் தொப்பியுமாகக் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பினார். முதலாளி படத்தைப் பார்த்தார். சரி என்றார்.

வதனி குழுக்களில் ஒரு புதிய அறிவித்தல் போட்டார். கடல் பற்றி ஒரு சொல் இல்லை. விலை பற்றியும் இல்லை. "ஒக்டோபரில் தாய்லாந்து. பெரிய சமையலறை உண்டு. பொறுப்பு: சிவம் அண்ணை." அவ்வளவுதான்.

அந்தக் கிழமை முடிவதற்குள் மாடி நிரம்பியது. அடுத்த மாடியில் பாதி போனது. என் மனைவி அறிவித்தலை வாசித்துவிட்டு என்னிடம் கேட்கவில்லை, ரொறொன்ரோவில் இருக்கும் தம்பியையும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவையும் அழைத்துக் கதைத்தார். "இஞ்சாருங்கோ, எல்லாரும் அங்க வருகினம். நீங்களும் வாறதெண்டால் லீவு கேளுங்கோ." நான் லீவு கேட்டேன்.

போனோம்.

முதல் நாள் வதனி கூரை அலாரத்தைப் பார்த்தபடி சமையலறை வாசலிலேயே நின்றார். உள்ளே சிவம் அண்ணை தன் முதியோர் இல்லத்தைப் போலவே ஆட்சி நடத்தினார். வெங்காயத்துக்கு ஒரு மேசை, மீனுக்கு ஒரு மேசை, கை கழுவாதவர் கதவுக்கு வெளியே. பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. "வீட்டில ஒரு தேத்தண்ணி போடமாட்டார், இஞ்ச வந்து எங்களுக்குப் பழக்கிறார்" என்று அவர் மனைவியே சொன்னார். அண்ணை காது கேளாதவராக இருந்தார்.

பிறகு அது வந்தது. சோறு இறக்கி, பருப்பு இறக்கி, கடைசியாக அண்ணை மோர்மிளகாய்ப் பையைப் பிரித்தார்.

"அண்ணை, இண்டைக்கு வேண்டாமே" என்றார் வதனி.

"பிள்ளை, மோர்மிளகாய் இல்லாமல் முதல் சாப்பாடோ?"

எண்ணெய் சீறியது. புகை எழும்பியது. நாங்கள் எல்லோரும் மேலே பார்த்தோம். நொய் வாசலுக்கு ஓடி வந்தார். வதனி கண்ணை மூடிக்கொண்டார்.

பெரிய புகை உறிஞ்சி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டது. அலாரம் வாய் திறக்கவில்லை. நொய் மட்டும் இரண்டு முறை தும்மினார். பிறகு கிட்ட வந்து, பொரித்த மிளகாய் ஒன்றை எடுத்துக் கடித்தார். கண் கலங்கவில்லை. தாய்லாந்துக்காரருக்கு மிளகாய் காட்டி வெருட்ட முடியுமா? இன்னொன்றை எடுத்தார்.

"ஃப்ராவ் வதனி, இது எங்கள் ஆட்களுக்கும் கிடைக்குமா?"

அந்தக் கணத்தில் வதனி விட்ட மூச்சு ஆராவ் வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒழுங்காக எழுதப் போனால் இந்தப் பத்தி போதாது. உணவகங்கள் பூட்டியதால் மீனை வாங்க ஆள் இல்லாமல் இருந்த படகுக்காரர்கள் விடியவே சமையலறைக் கதவில் நின்றார்கள். எங்கள் ஆட்கள் நண்டைத் தூக்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, வயிற்றை அமத்திப் பார்த்துத்தான் வாங்குவார்கள். படகுக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. நண்டு பார்க்கத் தெரிந்த வெளிநாட்டவரை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லையாம்.

இரண்டாம் ஞாயிறு, மனைவியின் அக்கா யாழ்ப்பாணத்தில் இருந்து கொண்டு வந்த, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் கூழ் காய்ச்சினோம். இறால், நண்டு, மீன், பயிற்றங்காய், மரவள்ளி எல்லாம் போட்டு, இரண்டு பேர் பிடித்துத் தூக்குகிற சட்டியில். காலைச் சாப்பாட்டுக் கிண்ணங்களில் ஊற்றிக் கடற்கரையில் இருந்து குடித்தோம். வாசம் போன திசையில் ஆட்கள் வந்தார்கள். மசாஜ் பெண்கள் வந்தார்கள். பழ வண்டிக்காரர் வந்தார். அந்த ஊரிலேயே தங்கிவிட்ட ஓய்வூதியக்காரச் சுவிஸ் ஐயா ஒருவர் வந்து, "வாஸ் இஷ் டாஸ்?" இது என்ன என்று கேட்டு மூன்று கிண்ணம் குடித்தார். மூன்றாவதோடு 'கூழ்' என்று பெயரைச் சொல்லிக் கேட்கவும் பழகிவிட்டார்.

நாங்கள் ஒருவரும் கடலில் இறங்கவில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். முழங்கால் வரைக்கும் சிலர் போனார்கள். அதுவும் படம் எடுக்க.

எங்கள் சுவிஸின் கிராபுண்டன் மலை ஊர்களின் பழைய கதையை வாசித்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அவை கோடைக்கு மட்டும்தான் நிறையும். பனி விழுந்தால் ஹோட்டல்கள் பூட்டு. பனிதான் இடைஞ்சல் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், அந்தப் பனியையே விற்கலாம் என்று யாருக்கோ தோன்றும்வரை. காலியாகக் கிடக்கிற இடத்தில் விற்பதற்கு எப்போதும் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது. விற்கிறவர் பார்ப்பது கடலை. வாங்குகிறவர் தேடுவது அடுப்பை.

போன கிழமை ஆராவுக்குப் போனேன். வதனி ஒரே நேரத்தில் இரண்டு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். அதே கடற்கரையில் இருக்கும் வேறு ஹோட்டல்கள் இப்போது அவரைத் தேடி அழைக்கின்றன. ஆளுக்கொரு கழிவு சொல்கிறார்களாம். வதனி அதைக் கேட்பதில்லை. "புகை உறிஞ்சி எத்தனை?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

கடை ஒப்பந்தத்தை நீட்டி எழுதியாகிவிட்டது. போதாததற்குப் பக்கத்தில் காலியாக இருந்த அறையையும் கேட்டு வாங்கியிருக்கிறார். சுவரை இடிக்க அனுமதியும் வந்துவிட்டது. "காலமையில திறக்க இப்ப ரெண்டு கதவு அண்ணை" என்றார். உடனே தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

பெப்ரவரி விடுமுறைக் குழுவும் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. ஒரே ஒரு சிக்கல். பெயர் கொடுத்த ஆண்கள் அத்தனை பேரும் தாங்கள்தான் தலைமைச் சமையல்காரர் என்கிறார்கள். சிவம் அண்ணை யாருக்கும் கரண்டியைக் கொடுப்பதாக இல்லை. வதனி இப்போது தேடுவது சாப்பிட மட்டும் வருகிற ஆட்களை.

உங்களில் யாருக்காவது சமைக்கவே தெரியாது என்றால் — உங்களுக்கு இடம் நிச்சயம்.