நாரை மறக்க வேண்டிய கேள்வி

நகரத்து மீன்காட்சியகத்தில் பென்குவின் வளர்க்கிற ஒரு அக்காவுக்கும் கோலா சிலாங்கூர் நாரைக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்டார்கள். சம்பந்தம் ஒரு முட்டைதான்.

நான் வேலை செய்யும் இடம் கடலோரச் சதுப்புக் காட்டை ஒட்டிய ஒரு பெரிய வலைக்கூண்டு. பால் நிற நாரை இந்தக் கரையில் அருகிப்போய்விட்டது. கூண்டில் பெருக்கி வெளியே விடுவது எங்கள் வேலை. ஒரு நாள் காற்றும் மழையும் அடித்த அடியில் ஒரு கூடு சரிந்தது. முட்டைகளில் ஒன்றுதான் உடையாமல் கிடைத்தது. தாய் தகப்பன் இரண்டும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் எங்கள் இன்குபேட்டரோ பழுது பார்க்கப் போயிருந்தது.

எங்கள் டாக்டர், பறவை வைத்தியம் பார்க்கும் மலாய்க்காரர், பறவை வளர்க்கும் இடங்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார். மிருகக்காட்சி சாலையின் இயந்திரம் நிறைந்திருந்தது. மீன்காட்சியகத்திலிருந்து உடனே பதில் வந்தது: பென்குவின் முட்டைக் காலம் முடிந்துவிட்டது, எங்கள் இயந்திரம் சும்மா இருக்கிறது, கொண்டு வாருங்கள்.

இந்த இடங்களெல்லாம் டிக்கெட் விற்க ஒன்றோடொன்று போட்டி போடும் என்று நான் படிக்கும்போது நினைத்திருந்தேன். அந்தக் குழுவைப் பார்த்தால் அப்படித் தெரியாது. ஒருவர் தங்கள் பறவையின் கால் புண்ணைப் படம் எடுத்துப் போடுவார், இன்னொருவர் மருந்து சொல்வார். ஐஸில் வைத்த மீனில் ஒரு வைட்டமின் குறைந்துபோகும், மாத்திரையை மீனின் செவுளுக்குள் சொருகிக் கொடுங்கள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே மீன்காட்சியகம்தான். பதிலுக்கு எங்கள் டாக்டர் போய் அவர்களுடைய பென்குவின்களின் பாதத்தைப் பார்த்துவிட்டு வருவார்.

முட்டையை நான்தான் கொண்டுபோனேன். பாலிஸ்டிரின் பெட்டி, சுற்றிலும் துணியில் சுற்றிய வெந்நீர்ப் போத்தல்கள். ஏர்கான் போடக்கூடாது. வழியில் அசாம் ஜாவா என்ற ஊரில் எனக்கு முன்னால் செம்பனைப் பழ லோரி ஒன்று நகரவே மாட்டேன் என்றது. போய்ச் சேர்ந்தபோது நானே அவிந்திருந்தேன்.

அங்கேதான் அக்காவைப் பார்த்தேன். ரவாங்கிலிருந்து தினமும் ரயிலேறி வருகிறவர். பறவைக் குஞ்சுகளைக் கையால் வளர்ப்பதில் அவருக்கு இணை யாருமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் பென்குவின் வளர்ப்பு வேறு, இது வேறு. பென்குவின் காலமெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கப்போவது, மனிதர்களிடம் பழகினால்தான் நல்லது. வெளியே விடப்போகிற நாரை மனிதர்களைத் தெரிந்துகொள்ளவே கூடாது. வெள்ளைத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, நாரைத் தலை மாதிரி தைத்த கைப்பாவையால் மீன் ஊட்ட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னேன். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுந்து நான் கிளம்பும்போது மட்டும் என்னை நிறுத்திச் சொன்னார்.

"நான் வளர்த்தது ஒன்னுகூட வெளிய போனதில்லம்மா. இது போகட்டும்."

குஞ்சு பொரித்து, எடை கூடி, இறகு முளைத்து எங்களிடம் திரும்பி வந்தது. டாக்டர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இவ்வளவு திடமான குஞ்சை நம் கூண்டில்கூட வளர்த்திருக்க முடியாது என்றார்.

அதே வாரம் வேலி சரிசெய்ய ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர் தமிழர். வலைக்கு வெளியே நின்று போனில் மனைவியிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கூண்டின் மறுகோடியில் நின்ற குஞ்சு இறக்கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தது. அவருக்கு எதிரே நின்று தலையை ஆட்டி ஆட்டித் தீனி கேட்டது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாட்டில் பாதிப் பேரைப்போல அவருக்கும் தமிழில் தெரிந்தது அந்த ஒரு கேள்விதான். வேறு பக்கம் போய் நின்று அவரே அதைக் கேட்டுப் பார்த்தார். குஞ்சு அங்கேயும் ஓடியது.

இப்படி ஓடுகிற பறவையை வெளியே விட்டால் நேராக மீனவர்களின் படகுத்துறைக்குத்தான் போகும், வலையிலோ நாய் வாயிலோ மாட்டும் என்றார். விட முடியாது, கூண்டிலேயே இருக்கட்டும் என்றார்.

நான் அக்காவுக்குப் போன் செய்தேன். குஞ்சிடம் பேசினீர்களா என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாயே தொறக்கலம்மா. சத்தியமா. மீன் குடுக்கறப்ப சாப்பிட்டியான்னு கேப்பேன், அவ்ளோதான் லா."

"அது பேச்சுதானே அக்கா."

"அது எப்படிப் பேச்சாகும்?" என்றார்.

எனக்கு அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. நானும் அந்தக் கேள்வியைப் பேச்சுக் கணக்கில் சேர்ப்பதில்லை. லிஃப்டில் கேட்போம், சாவு வீட்டில்கூடக் கேட்போம்.

மறுநாள் அக்காவே ஒரு வழியோடு டாக்டரைக் கூப்பிட்டார். பென்குவினுக்கு விசில் பழக்கியதும் அவர்தான், தேவையில்லாதபோது அதை மறக்க வைத்ததும் அவர்தான். விசில் கேட்க வேண்டும், மீன் வரக்கூடாது. திரும்பத் திரும்ப அப்படியே நடந்தால் விசில் வெறும் சத்தமாகிவிடும். இதற்கும் அதைச் செய்யலாம் என்றார். டாக்டர் ஒப்புக்கொண்டார். குஞ்சுக்குத் துணையாக, இறக்கை ஒடிந்து இனி பறக்க முடியாத ஒரு பெட்டை நாரையை மிருகக்காட்சி சாலை லோரியில் அனுப்பி வைத்தது.

அக்கா எனக்குக் குரல் பதிவுகள் அனுப்ப ஆரம்பித்தார். எல்லாம் ஒரே கேள்வி. கொஞ்சலாக ஒன்று, அதட்டலாக ஒன்று, தூக்கக் கலக்கத்தில் ஒன்று. ஒன்றில் பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. நான் வலைக்கு வெளியே ஒளிந்து நின்று அவற்றைப் போட்டுவிடுவேன். முதலில் குஞ்சு ஒவ்வொரு முறையும் ஓடி வந்தது. ஸ்பீக்கருக்கு எதிரே தலையாட்டிக்கொண்டு நின்றது. ஒன்றும் வராது. பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். அதைப் பற்றி அக்கா கேட்டால், சரியாகத்தான் போகிறது என்று மட்டும் சொல்வேன்.

நாளாக ஆக ஓட்டம் நடையானது. பெட்டை நாரை சேற்றில் அலகை விட்டுத் துழாவுவதைப் பார்த்து இதுவும் துழாவியது. பெலாச்சாக் பிடிக்கக் கற்றுக்கொண்டது. சேற்றில் துள்ளுகிற அந்தச் சின்ன மீனை நான் ஓடி ஓடிப் பிடித்தாலும் கையில் சிக்காது.

பதிவு வேறு, ஆள் வேறு என்றார் டாக்டர். அக்காவே வந்து ஒரு தடவை கேட்கட்டும், அதன் பிறகு முடிவு செய்யலாம். லீவு போட்டு வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். வலையருகே போய் நின்று, போர்வை இல்லாமல், முகம் தெரிய, "சாப்பிட்டியா?" என்றார்.

நாரை நிமிர்ந்து பார்த்தது. பிறகு அது அலகைச் சேற்றுக்குள் விட்டது.

போதும் என்று டாக்டர் கை காட்டினார். அக்கா நகரவில்லை. இன்னும் மெதுவாக, "சாப்பிட்டியாடா?" என்றார். இந்தத் தடவை அது நிமிரக்கூட இல்லை.

அவர் திரும்பி என்னைப் பார்த்து, "ஆச்சுல்ல?" என்றார். ஆச்சு என்றேன்.

அடுத்த வாரம் கூரை வலையைத் திறந்தோம். நாரை கூரைக் கம்பியில் ஏறி, வெயில் தாழும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தது. பிறகு எழும்பிப் போய்விட்டது. நான் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எந்தப் பக்கம் போச்சு? படகுத்துறைப் பக்கமா, சதுப்புக் காட்டுப் பக்கமா?"

"காட்டுப் பக்கம் அக்கா."

"அப்ப சரி," என்றார். பென்குவின்களுக்குத் தீனி நேரமாம், போனை வைத்துவிட்டார்.