மூன்று ராஜாக்களைக் கவிழ்த்தவர்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், கப்பலில் சமையல் வேலை பார்த்த சித்தப்பா விடுமுறைக்கு விவேக் நகர் வந்தபோது, வாசனை சோப்புகளோடு போக்கர் என்ற சீட்டாட்டத்தையும் கொண்டுவந்தார். சோப்புகள் ஒரே மாதத்தில் கரைந்துபோயின. ஆட்டம் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போய்வந்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாய் விரிப்பார்கள். காசு வைத்து ஆடக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அவருடைய தையல் டப்பாவிலிருந்த பொத்தான்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

ஆளுக்கு ஐந்து சீட்டு, அதற்குக் கை என்று பெயர். கை பிடித்திருந்தால் பொத்தானைப் போட்டுவிட்டு, வேண்டாத சீட்டுகளை ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் அப்போதே கவிழ்த்து வைத்து ஒதுங்கிவிடலாம். ஒரே மாதிரி மூன்று சீட்டு சேர்ந்தால், அது இரண்டு ஜோடியைக்கூட அடித்துவிடும். அப்பாவுக்கு எல்லாக் கையும் பிடிக்கும். அவருடைய பொத்தான்கள்தான் முதலில் தீரும். அத்தையோ பத்துக் கையில் ஏழைக் கவிழ்த்துவிடுவார். ஆனால் கடைசியில் பார்த்தால் பொத்தான் குவியல் அவர் முன்னால்தான் இருக்கும்.

அத்தை அப்பாவின் தங்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. முப்பத்திரண்டு வயது. “வர்ற வரனையும் இப்படித்தான் கவுத்து வைக்கிறா” என்பார் அப்பா.

எதை ஆடுகிறார், எதைக் கவிழ்க்கிறார் என்று கண்டுபிடித்தே தீருவதென்று அவர் முதுகுக்குப் பின்னால் ரஃப் நோட்டோடு உட்கார்ந்தேன். ராணி ஜோடி, ஆடினார். நாலாம் நம்பர் ஜோடி, கவிழ்த்தார். ராஜாவும் ராணியும் தனித்தனியாக வந்தபோது எனக்கு ஒரே பரவசம், அதையும் கவிழ்த்தார். மூன்று வாரத்தில் எனக்கு விதி பிடிபட்டது: ஜாக்கி ஜோடிக்குக் கீழே தொடமாட்டார். அடுத்த வாரமே, பத்தாம் நம்பர் ஜோடியை ஒரு தடவை ஆடினார், இன்னொரு தடவை கவிழ்த்தார். கேட்டேன்.

“எதிர்ல யாரு இருக்காங்கன்னு பார்த்துட்டுதான் என் கையைப் பார்ப்பேன். கழுத்துல மூச்சு விடாத, தள்ளி உக்காருடி.”

அதை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிரேசர் டவுனிலிருந்து ஒருவர் சாப்பிட வந்தார். ஏதோ தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவர், சித்தப்பாவுடன் பள்ளியில் படித்தவர் என்றார்கள். சித்தப்பாவின் சிநேகிதருக்காக அப்பா ஏன் புதுச்சட்டை போட்டுக்கொண்டார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டதும் அவரும் ஆட உட்கார்ந்தார். சீட்டுகளைப் பொறுக்கிக் கலைப்பது என் வேலை.

ஒரு கையில் அவரும் அத்தையும் மட்டும் மிஞ்சினார்கள். அத்தையிடம் வெறும் ராணி ஜோடி. நாலைந்து பொத்தான்களைத் தள்ளினார். வந்தவர் தன் சீட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உங்க கை பலமா இருக்கு போல” என்று புன்னகையோடு கவிழ்த்துவிட்டார். பொறுக்கும்போது பார்த்தேன். மூன்று ராஜா.

நல்ல சேதியை யாராவது மனதில் பூட்டி வைப்பார்களா? டீ ஊற்றிக்கொண்டிருந்த அத்தையிடம் சமையலறைக்கே ஓடினேன். “அத்தை, அவரு ரொம்ப நல்லவரு. உங்களுக்காக மூணு ராஜாவைக் கவுத்துட்டாரு!”

“மூணா? நல்லாப் பார்த்தியா?”

அத்தை டீத் தட்டோடு கூடத்துக்குப் போய் அவர் முன்னால் நின்றார். “பொத்தானுக்கே விட்டுக்கொடுக்கிறவங்களோட எனக்கு ஆட இஷ்டமில்லீங்க.”

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. சித்தப்பா தேவையில்லாமல் இருமினார். வந்தவர் காது வரை சிவந்துபோனார். பிறகு, “தப்புதாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வரட்டுமா? விட்டுக்கொடுக்க மாட்டேன்” என்றார்.

“வாங்க.”

அந்த வாரம் முழுக்க என் வாயைப் பற்றி அப்பா பேசாத நாளில்லை.

அடுத்த ஞாயிறும் அவர் வந்தார். இந்தத் தடவை அவரும் கையைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். அத்தை கவிழ்க்க, அவர் கவிழ்க்க, நடுவில் அப்பா மட்டும் உற்சாகமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். கடைசியில் அத்தைக்கு ஏஸ் ஜோடியும் ஒன்பதாம் நம்பர் ஜோடியும் சேர்ந்தே வந்தன. அத்தை பொத்தான்களை மொத்தமாகத் தள்ளினார். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டுத் தன்னுடையதையும் தள்ளினார். மூன்று ஐந்துகளைக் காட்டினார்.

அத்தை முன்னால் ஒரு பொத்தான்கூட மிச்சமில்லை. அப்படி நான் பார்த்ததே இல்லை.

“கவுத்துடலாமான்னு நெனச்சேன்” என்றார் அவர்.

“ஏன் கவுக்கல?”

“நீங்க மறுபடி டீத் தட்டோட வந்து நிப்பீங்களே.”

அத்தை சிரித்தார். எக்ஸ்சேஞ்சில் பேசிப் பேசி அளவாகிப்போன குரல் அவருடையது. அந்தச் சிரிப்பு அளவில்லாமல் வந்தது. எனக்கோ அந்த ஆளைக் கண்டாலே எரிந்தது. போய்வருகிறேன் என்று அவர் சொன்னபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். அவர் தெருமுனை தாண்டியிருக்கமாட்டார், அத்தை அப்பாவிடம், “சரின்னு சொல்லிடுங்கண்ணா” என்றார்.

அம்மா அழுதார், அப்பா சிரித்தார். நான் மட்டும் பயந்துபோனேன். மொத்தப் பொத்தானையும் தோற்றால் ஜெயித்தவரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு விதி இருந்திருக்கிறது, யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதன் பிறகு எதிர்வீட்டுப் பையன் எத்தனை தடவை கூப்பிட்டும், ஏழாம் வகுப்பு முடியும் வரை அவனோடு நான் சீட்டைத் தொடவே இல்லை.