அண்ணன் கப்பலில் சொன்ன பொய்

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

என் அண்ணன் யுத்த காலத்தில் பசிபிக் கடலில் உயிர்விட்ட கடற்படை வீரர். "உடம்பைப் பார்க்காமல் எப்படிச் செய்வது?" என்று அம்மா கடைசிவரை அவருக்குக் காரியம் செய்யச் சம்மதிக்கவில்லை. எண்பதைத் தாண்டிவிட்ட அண்ணன் மகன்தான் இவ்வாண்டு, "செய்துவிடுவோம் அத்தை" என்றார்.

அண்ணன் பர்மாவின் யாங்கோனில், அன்றைய ரங்கூனில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், மீசை அரும்பும் முன்பே படகுகளில் மூட்டை சுமக்கப் போனார். அந்தக் கஷ்டத்திலும் உற்சாகம் குறையாதவர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "கப்பல் வருது, வழி விடுங்க!" என்று கூவியபடி படகுத்துறைக் கூட்டத்தில் புகுவார்.

ஆற்றுக்கு அக்கரையிலுள்ள த்வாண்டே ஊருக்குப் பானை ஏற்றப் போன இடத்தில், பானை செய்யும் வீட்டுப் பெண்ணை விரும்பி மணந்துகொண்டார். பர்மியப் பெண் என்பதால் அம்மா வாசல் ஏறவிடவில்லை. அண்ணி தாய்வீட்டில் கர்ப்பமாக இருந்தபோதுதான் அண்ணன் கடற்படையில் சேர்ந்து புறப்பட்டார். பின்னர் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

யுத்தம் முடிந்ததும், அவரோடு கப்பலில் இருந்த நாகூர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். குண்டு விழுந்து கப்பல் தீப்பிடித்ததையும், கீழே சிக்கியவர்களை மேலே ஏற்றிவிட்ட அண்ணன், தான் மேலே வராததையும் சொன்னார். அம்மா அழுது ஓய்ந்தபின் கேட்டார்: "எங்களைப் பத்தி எதுவும் சொல்லுவானா?"

"சொல்லாத நாளில்லேம்மா. 'எனக்கென்ன கவலை? எங்கம்மாவும் பெஞ்சாதியும் ஒரே தட்டுலே சாப்பிடுறவங்க, புள்ளைய நல்லாப் பார்த்துக்குவாங்க'ன்னு பெருமையாச் சொல்வாரு."

 மறுநாளே அம்மா என்னை அழைத்துக்கொண்டு த்வாண்டேக்குப் படகேறினார். அங்கே அண்ணி வெயிலில் பானைகளைக் காயவைத்துக்கொண்டிருந்தார். அருகில் அண்ணனையே உரித்து வைத்தாற்போல் ஒரு சிறுவன்.

"உன் புருஷன் கப்பல் பூரா பொய் சொல்லி வச்சிருக்கான். அவனைப் பொய்யனாக்க என்னால முடியாது. வீட்டுக்கு வாம்மா," என்றார் அம்மா.

அண்ணிக்குப் பாதிதான் புரிந்திருக்கும். "அமே" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பர்மிய மொழியிலும் அது அம்மாதான். அன்று மாலை இருவரும் ஒரு தட்டில் சாப்பிட்டார்கள். அண்ணிக்குக் காரம் தாங்கவில்லை. அவர் மூக்கைத் துடைப்பதைப் பார்த்து, அழுத முகத்தோடு அம்மா சிரித்தார். அதன்பின் அம்மா கண்மூடும்வரை இருவரும் பிரியவில்லை.

சென்ற வாரம் ஆற்றங்கரையில் தர்ப்பணம் முடிந்ததும் அண்ணன் மகன் கேட்டார்: "அத்தை, அப்பா எப்படிச் சிரிப்பார்?"

வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கடைசியில் ஒரு விக்கலோடு சிரித்துக் காட்டினேன். தமிழ் தெரியாத அண்ணனின் கொள்ளுப்பேரர்கள்வரை எல்லாரும் அதேபோல் சிரித்துப் பார்த்தார்கள். புரோகிதரும் சிரித்துவிட்டார்.

மந்திரம் சொன்ன அவருக்கும், அன்னதானத்தை ஏற்ற பிக்குகளுக்கும், சமைத்த த்வாண்டே உறவினர்களுக்கும், அன்று எங்கள் வாசலைத் தேடி வந்த அந்த நாகூர்க்காரரின் சந்ததியார் எங்கிருந்தாலும் அவர்களுக்கும் எங்கள் நன்றி.

அன்புத் தங்கை