வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு மாத்திரை

என் அம்மா குடல் புற்றுநோயில் போனார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நான் ரெண்டு பேருக்கும் பிள்ளை.

விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். அம்மாவுக்கு வந்த மாதிரியே என் குடலுக்குள்ளும் கொத்துக்கொத்தாகச் சதை முளைத்திருந்தது. விட்டால் புற்றாகிவிடுமாம். பெருங்குடலை எடுத்துவிட்டு, மலம் சேர வயிற்றோரம் பை வைப்பது ஒரு வழி என்றார் டாக்டர். டிரைவரிடம் சொன்னேன்.

"தோள்ல ஒரு பை, வயித்துல ஒரு பையா? எதுல மச்சான் சில்லறை போடுவ?"

சிரித்தேன். சிரித்து முடித்ததும் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

என் பயத்தைப் பார்த்த டாக்டர் மூட்டு வலிக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரையை எழுதினார்.

"உடம்புல ஒரு நொதி இருக்குங்க. கொழுப்ப எடுத்து, வீக்கத்தக் கெளப்புற சரக்கா மாத்திடும். அந்தச் சரக்குலதான் இந்த முளையெல்லாம் வளருது. இது நொதியோட கையக் கட்டிப் போட்டுடும்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சுனாமிக்குக் கொஞ்சம் முன்னால் பேப்பரில் வந்தது: அதே இனத்து வேறொரு மாத்திரையைக் கம்பெனிக்காரர்களே கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்களாம். சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு வருகிறதாம். டாக்டரிடம் ஓடினேன். ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் அதே நொதிதானாம். கையைக் கட்டினால் அந்த வேலையும் நின்றுவிடும்.

வீட்டில் சொன்னேன். மனைவி தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

"நிறுத்துனா உங்கம்மா, போட்டா உங்கப்பா. போயும் வுடமாட்றாங்க பாருங்க, எம்மாமியாரும் மாமனாரும்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த முறை குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டருக்கு ஒரே சந்தோஷம். முளைகள் சுருங்கியிருந்தன. "நெஞ்சுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?" என்று கேட்டேன். "அதுக்கு நான் கையெழுத்து போட முடியாதுங்க. வேணாம்னா சொல்லுங்க, ஆபரேஷன் பண்ணிடலாம்."

பஸ் நிலையத்தில் டிரைவர் காத்திருந்தான்.

"என்னா சொன்னாங்க?"

"மாத்திரை வேலை செய்யுதாம்."

"அப்பறம் ஏன் மச்சான் மூஞ்சி இப்பிடி கெடக்குது?"

"வேலை செய்யலன்னா நிம்மதியா நிறுத்தியிருப்பன்டா."

அவன் ஏறி வண்டியை எடுத்தான்.

மறுநாள் காலை மனைவி தண்ணீரோடு வந்து நின்றாள். போடச் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. வாங்கி விழுங்கினேன். அன்றைக்கு ரெட்டியார்பாளையம் ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள்ளேயே, டிக்கெட் கிழிக்கும் கை நெஞ்சுக்குப் போய்விட்டு வந்தது. விசில் கொடுக்க மறந்திருந்தேன். "யோவ் கண்டக்டர், தூக்கமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.